காடு திருத்தியவர்களின் பெயர்கள்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குப் போகிறவர்கள் இறங்கி வேறு பேருந்து பிடிக்கின்ற கிருஷ்ணன்கோவில், ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் வழிப்போக்கர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த சாலையோரச் சிற்றூர். 1984-ஆம் ஆண்டில் விடுதலைப் போராட்டத் தியாகி கலசலிங்கம் அங்கே ஒரு பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்தார். அது காலக்கிரமத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, பிற மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கும் ஸ்தானமாயிற்று. இப்போது திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரையில் நான்குவழிச் சாலை வந்துகொண்டிருக்கிறது. சாலையோரத்துப் புஞ்சைகள் மனைகளாக அளந்து கல் நடப்படுகின்றன. இந்த மாற்றத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசற் சமவெளியும் எல்லையாக அமைந்த இந்தப் பிரதேசத்தில், முதன்முதலில் காட்டை வெட்டி, சரளைக் கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சுமந்து கரையெழுப்பி, நீரைத் தேக்கிக் குடியமர்ந்தவர்கள் யார், அவர்கள் எங்கிருந்து, எந்த நெருக்கடியால் வந்தார்கள், யாருடைய இடத்தில் வந்து அமர்ந்தார்கள் என்பதையெல்லாம் ஊர் ஊராக எடுத்துரைக்கும் ஒரு நூலை நாம் இன்னும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது. கோயில்களுக்கு மாகாத்மியங்கள் இருக்கின்றன, பாளையக்காரர்களுக்குச் சரித்திரங்கள் இருக்கின்றன. குடிகளுக்குத்தான் இல்லை.

குடியேற்றத்தின் நினைவு இங்கே அடியோடு அழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே ஒரு குடியேற்றக் கதைதான். மல்லி என்னும் வேடர் குலத்து அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரு புதல்வர்கள். வேட்டைக்குச் சென்ற இடத்தில் கண்டன் புலியால் மாண்டான். அவனைக் காணாமல் காடெங்கும் தேடித் திரிந்த வில்லி, அயர்ந்து ஒரு மரத்தடியில் உறங்கியபோது, ஆலிலைமேல் துயிலும் பெருமான் கனவில் தோன்றி, நடந்ததை உரைத்து, அங்கே மறைந்து கிடக்கும் பொன்னைக் கொண்டு அந்தக் காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் சமைக்குமாறு பணித்தருளினான் என்பது கதை. பக்தர்களுக்கு இது பகவானின் கிருபையைச் சொல்லும் விருத்தாந்தம். சரித்திரக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு, ஒரு புதிய ஊர் உண்டாவதற்கு வேண்டிய அத்தனை அம்சங்களும் இதில் வரிசையாக அமைந்திருப்பது புலப்படும்: காட்டின் அபாயம் இருக்கிறது, அதற்குப் பலியான ஓர் உயிர் இருக்கிறது, மரம் வெட்டவும் மண் சுமக்கவும் செலவிடப்பட்ட பொருள் இருக்கிறது, அந்த இடத்தில் குடியிருக்கலாம் என்னும் தெய்வ சம்மதம் இருக்கிறது, வெளியூர்களிலிருந்து குடிகளை வரவழைத்து நிலைநிறுத்திய ஒரு தலைவனும் இருக்கிறான். மல்லிநாடு என்று பழைய வழக்கில் பெயர் பெற்ற இந்த நிலப்பகுதியில், பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்ததாக ஆராய்ச்சியாளர் பலரும் கருதும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளிலேயே, பூங்காவனம் வைத்துப் பராமரிக்கத்தக்க நீர்வளமும், பாண்டியன் அவைக்குச் சென்று வாதம் புரியத்தக்க கல்வி வளமும் உள்ள ஒரு நகரம் இருந்தது என்றால், காடு திருத்திய வேலை அதற்கும் வெகுகாலம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பதினொரு நிலைகளோடு வானளாவி நிற்கும் அந்த ராஜகோபுரத்தைக் கண்டு கைகூப்பும் நாம், அப்படிப்பட்ட ஒரு கோபுரம் எழும்புவதற்கு எத்தனை தலைமுறை நெல் உபரியாக விளைந்திருக்க வேண்டும், அந்த நெல் விளைய எத்தனை கண்மாய்கள் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் வில்லி திருத்திய காடு ஆளற்ற காடன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். செண்பகத்தோப்பிலும், சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறையிலும் இன்றும் வசிக்கின்ற பளியர்கள், தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் மலைச்சரக்கு சேகரித்தும் வாழ்ந்த ஆதிக்குடிகள். சமவெளியில் ஏர் பூட்டியவர்கள் ஒவ்வொரு காணியாக மேற்கே நகர நகர, அவர்களுடைய சஞ்சார எல்லை சுருங்கியது. கிழக்கே, வேம்பக்கோட்டைக்கு அருகில் வைப்பாற்றங்கரை விஜயகரிசல்குளத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கிடைத்திருப்பதைக் கொண்டு பார்த்தால், நம்முடைய புராணங்களில் வரும் முதற்குடிகளுக்கும் முற்பட்ட குடிகள் இருந்தார்கள் என்பது தெளிவு. மலைப்பகுதி 1980-களின் இறுதியில் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. வனத்தைக் காப்பது அவசியமே. ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் குடிகளுக்கு உரிமை வழங்கும்போது, மூத்தோர் சொல்லி எழுத்தில் வடிக்கப்பட்ட வாக்குமூலத்தையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு பளியர் முதியவரின் ஞாபகம் இன்று எழுதப்படாவிட்டால், நாளை அது ஒரு குடும்பத்தின் உரிமைக்கே நஷ்டமாக முடியலாம். ஊர்ச் சரித்திரம் என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு திருஷ்டாந்தம் போதும்.

இந்த நாட்டின் உண்மையான சரித்திர நாயகன் தண்ணீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுசேர்ந்து அர்ச்சுனா நதியாகி, வைப்பாற்றில் கலந்து கடலுக்குப் போகின்றன. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அவை வெறும் மணலே. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் வந்தது 1970-களில்தான். அதற்கு முன்னால் நூற்றாண்டு நூற்றாண்டாக வத்திராயிருப்புப் பக்கத்து நெல்வயல்களுக்கும், மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நன்செய்களுக்கும் ஜீவனம் கொடுத்தவை கண்மாய்கள். மலையடிவாரத்தில் ஒரு கண்மாய்; அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீரே கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்து; அதன் மறுகால் அதற்கும் கீழே உள்ளதற்கு வரத்து. இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களில், எந்த ஊருக்கு எந்த ஓடையில் எத்தனை நாள் முறை, எந்தக் கலிங்கின் உயரம் எவ்வளவு, எந்த மடையை யார் திறப்பது என்னும் மாமூல்களைக் கூர்ந்து கவனித்தால், எந்த ஊர் முன்னால் உண்டாயிற்று, எது பின்னால் வந்து சேர்ந்தது என்ற கிரமத்தையே ஓரளவு வாசித்துவிடலாம். மேல்மடைக்காரன் கரையை உயர்த்தக் கூடாது என்று கீழூரார் சண்டையிடுகிறார்கள் என்றால், கீழூர் மூத்த ஊராக இருக்க இடமுண்டு. கல்லில் வெட்டிய சாசனத்துக்கு இருக்கும் மதிப்பை நம்முடைய அறிஞர்கள் இந்த மாமூல்களுக்கும் தர வேண்டும்.

இந்தக் கரைகளை எழுப்பியவர்கள் யார்? பூலோகத்தில் எங்கும் போலவே இங்கும், கட்டுவித்தவர் பெயர் கல்லிலும் கதையிலும் நிற்கிறது, கட்டியவர் பெயர் எங்கும் இல்லை. மண்வெட்டியும் கூடையுமாக ஊர் ஊராகச் சென்று குளம் தோண்டிய ஒட்டர்கள், நடுநிசியில் மழை கொட்டும்போது உயிரைப் பணயம் வைத்து மடையில் மூழ்கி அடைப்பைத் திறந்த மடைக்குடும்பர்கள், வயலுக்கு வயல் பாரபட்சமின்றி நீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சிகள், கமலை இறைப்புக்குத் தோல்பை தைத்துக் கொடுத்த அருந்ததியர்கள் ஆகிய இவர்களுள் ஒருவர் இல்லாவிட்டாலும் மானாவாரிப் பூமியில் ஓர் ஊர் நிலைத்திருக்க முடியாது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய கரிசல் ஊர்களில், தோற்பை கிழிந்த அன்று பயிர் வாடும். தோல் தைத்தவருடைய உழைப்பில் விளைந்த தானியத்தை உண்டவர்கள் அவரை ஊரின் கோடியில் நிறுத்திவைத்தார்கள் என்பதும் குடியேற்றச் சரித்திரத்தின் பகுதியே. அதை மறைத்து எழுதுகிற சரித்திரம் பூரணமாகாது. பல கண்மாய்க் கரைகளில் இன்றும் ஒரு சிறு பீடம் இருக்கிறது. கரை நிலைக்காமல் உடைந்து உடைந்து போனபோது இங்கே ஓர் உயிர் பலியிடப்பட்டது என்றோ, கரை காக்கப் போனவர் வெள்ளத்தில் மாண்டார் என்றோ ஊரார் சொல்வார்கள். அந்தக் கதைகள் நடந்தபடியே சொல்லப்படுகின்றனவா என்பது வேறு விசாரம். கண்மாய் வெட்டுவதில் உயிர்கள் போயின என்பதை ஜனங்கள் மறக்க மறுத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய சாட்சியாகப் படுகிறது.

பாண்டியர் காலத்துக்குப் பின்னர் வந்த இரண்டாவது பெரிய குடியேற்றம் வடக்கேயிருந்து வந்தது. விசுவநாத நாயக்கர் 1529 முதல் மதுரையை ஆண்ட காலத்தில், தளவாய் அரியநாத முதலியாரின் யோசனையின்படி நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது என்பதைப் பள்ளிப் புத்தகங்களிலேயே படிக்கிறோம். சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி முதலிய பாளையங்கள் இந்த மலையடிவாரத்தைச் சேர்ந்தவை. படையோடு வந்தவர்களும், படைக்குப் பின்னால் வந்தவர்களும், பஞ்சத்துக்கும் யுத்தத்துக்கும் அஞ்சி வந்தவர்களுமாகத் தெலுங்கு பேசும் குடிகள் பலர் கரிசலிலும் அடிவாரத்திலும் பரவினார்கள். ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகரச் சேனையின் வழிவந்தோர் என்பதும், முதலில் கீழராஜகுலராமனில் தங்கிப் பின்னர் மேற்கே நகர்ந்து பழையபாளையத்தையும் புதுப்பாளையத்தையும் அமைத்துக்கொண்டனர் என்பதும் பரம்பரையாக வழங்கிவரும் செய்தி. அந்தக் குடியேறிகளின் சந்ததியில் தோன்றிய பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லை நிறுவினார், பூ. ச. குமாரசாமி ராஜா 1949-இல் சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாகி, பிற்காலத்தில் தமது இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். வந்தேறியவர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் நினைத்துப் பார்க்கும் மற்றொரு விஷயம் உண்டு. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யத என்னும் காவியத்தின் கதைக்களம் வில்லிபுத்தூர். அதன் நாயகி ஆண்டாள். அதைத் தமிழாக்கி சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றவர் ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. குடியேறிய ஜனங்கள் தங்கள் மொழியை விடாமலும், வந்த மண்ணின் தெய்வத்தை அந்நியமாகக் கருதாமலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததன் பலன் அது.

திருமலை நாயக்கர் தமது ராஜ்யபாரத்தின்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி மதுரைக்கு எட்டிய பின்பே போஜனம் செய்தார் என்றும், அதன் பொருட்டே வழி நெடுகிலும் நகரா மண்டபங்கள் கட்டப்பட்டன என்றும் சொல்வார்கள். அவற்றுள் சில மதுரைச் சாலையில் சிதைந்து நிற்கின்றன. அரசரின் விரதத்தை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மண்டபத்திலும் முரசறைந்தவன் எந்த ஊர்க்காரன், அவனுக்கு எந்த நிலம் மானியமாக விடப்பட்டது என்பதை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

பெரிய ராஜ்யங்களின் கதையை விடுத்துச் சிற்றூர்களின் கதைக்கு வந்தால், அதற்கு நம் ஜனங்களே ஒரு தனித்த ஆவணத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதுதான் குலதெய்வ வழிபாடு. பங்குனி உத்திரத்தன்றும் மாசிச் சிவராத்திரியன்றும் கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகும் பேருந்துகளையும் வேன்களையும் பார்த்தால், குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தாங்கள் இப்போது வசிக்கும் ஊரை விட்டு, ஒரு காலத்தில் தங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த ஊருக்குப் போய்க்கொண்டிருப்பது தெரியும். தூரதேசம் போய்விட்டவர்கள் மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புதிய ஊரில் பீடம் அமைத்துக்கொள்வது வழக்கம். பிடிமண் கோயில் என்று அதற்குப் பெயர். எந்தக் கோயில் எந்தக் கோயிலின் பிடிமண் என்ற ஒரே ஒரு கேள்வியை ஊருக்கு ஊர் கேட்டு எழுதி, அதை ஒரு பூகோளப் படத்தில் குறித்துக்கொண்டு போனால், எந்தக் குடும்பம் எந்த வழியாக, எந்த ஆற்றைக் கடந்து, எத்தனை இடங்களில் தங்கி இங்கே வந்து சேர்ந்தது என்பது கோடு கோடாகத் துலங்கும். கொள்வினை கொடுப்பினை எந்த ஊர்களோடு, எந்த ஊரோடு பெண் எடுப்பதில்லை, ஏன் எடுப்பதில்லை என்பதையும் நம் பாட்டிமார்கள் ஏழு தலைமுறைக்குச் சொல்வார்கள். கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட கோபல்ல கிராமம், வடக்கேயிருந்து ஓடிவந்து கரிசற்காட்டைத் திருத்திய ஒரு குடியின் கதையைக் கிழவர்களின் வாய்மொழியிலிருந்தே நாவலாக்கிக் காட்டியது. ஒரு கதாசிரியர் இலக்கியத்துக்காகச் செய்ததை, ஊரார் சரித்திரத்துக்காகச் செய்யலாகாதா?

சர்க்கார் செய்யவில்லையா என்று கேட்கலாம். இங்கே இந்தத் தாலுகாவின் விசித்திரமான தலையெழுத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1801-இல் கும்பெனியார் கர்நாடகத்தைக் கைப்பற்றிய பின் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஆகையால் 1879-இல் ஸ்டூவர்ட் எழுதிய ஜில்லாக் கையேட்டிலும், 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அதற்கு இடம் கிடைத்தது. பிரான்சிஸ் 1906-இல் மதுரை கெஜட்டியரை வெளியிட்டபோது இந்தத் தாலுகா அந்த ஜில்லாவில் இல்லை. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கப்பட்டுத் தாலுகா அதனோடு சேர்க்கப்பட்டது. எனவே 1917-இல் பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியரிலிருந்தும் அது விடுபட்டது. ராமநாதபுரத்துக்கென்று விரிவான கெஜட்டியர் வந்தது 1972-இல். அடுத்த பதின்மூன்றாம் ஆண்டில், 1985-இல், விருதுநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. ஜில்லா எல்லைகள் மாறும்போதெல்லாம் நம்முடைய பிரதேசம் இரண்டு புத்தகங்களுக்கு இடையில் விழுந்திருக்கிறது. அன்றியும் கெஜட்டியர்கள் கலெக்டருக்காக எழுதப்பட்டவை. தீர்வை, ஜாதி, குற்றம், மழை ஆகியவற்றின் கணக்கு அவற்றில் நன்றாக இருக்கும். ஓர் ஊரின் தொடக்கத்தை அந்த ஊரார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

வேறொரு தேசத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது நாம் அறியத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பகுதியில், இல்லினாய், அயோவா முதலிய ராஜ்யங்களில், ஒவ்வொரு ராஜ்யமும் கவுண்டிகள் என்னும் சிறு ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய தாலுகாவுக்கு ஏறத்தாழச் சமானமாகக் கொள்ளலாம். அங்கே வெள்ளையர் குடியேற்றம் இருநூறு ஆண்டுப் பழமை உடையதே. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, குடிகள் வருமுன்பே அளவைக்காரர்கள் சங்கிலி போட்டு, ஆறு மைல் சதுரமாக நிலத்தை வகுத்து, ஒவ்வொன்றையும் 36 கூறுகளாக்கி, பதினாறாவது கூற்றைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். நம் ஊர் எல்லைகளோ ஓடை வளைந்த இடத்தில் வளைந்து, மறுகால் பாய்ந்த இடத்தில் முடிந்தவை. 1862-ஆம் ஆண்டின் சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்கிறவனுக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கியது. அந்தப் புல்வெளிகளின் கறுப்பு மண்ணும் நம் கரிசலைப் போல் ஈரத்தில் கலப்பையைப் பற்றிக்கொள்ளும் மண். 1837-இல் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கொழு செய்து கொடுத்த பிறகே அங்கே உழவு சுலபமாயிற்று. இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிகின்றன? தேசம் சுதந்தரம் பெற்றதன் நூற்றாண்டு விழா வந்தபோது, 1876 மார்ச்சு மாதத்தில் அவர்களுடைய காங்கிரஸ் சபை ஒரு தீர்மானம் செய்தது: ஒவ்வொரு கவுண்டியிலும் ஊரிலும் ஜனங்கள் ஜூலை 4-ஆம் தேதி ஒன்றுகூடி, அந்த இடம் உண்டான நாள் முதலான சரித்திரத்தை வாசிக்க வேண்டும், அதன் ஒரு பிரதியைக் கவுண்டிக் காரியாலயத்திலும், மற்றொரு பிரதியைக் காங்கிரஸ் நூலகத்திலும் வைக்க வேண்டும். அதையொட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கவுண்டிகளுக்குத் தடித்த சரித்திரப் புத்தகங்கள் அச்சாயின. முதல் மரக்குடிசை, முதல் ஆலை, முதல் பள்ளிக்கூடம், முதல் பாலம் என்று அவை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அந்தப் புத்தகங்களின் பெருமையோடு அவற்றின் தோஷத்தையும் பார்க்க வேண்டும். அவற்றுள் பல, முன்பணம் கட்டிய குடும்பங்களின் படத்தையும் ஜீவிய சரிதத்தையும் பக்கம் பக்கமாக வெளியிட்டன. பணம் கட்ட இயலாத கூலியாளும், கணவனோடு சமமாக உழைத்த பெண்ணும் அவற்றில் அரிதாகவே வருகிறார்கள். அந்த நிலத்தின் பூர்வ குடிகளைப் பற்றியோ, அவர்கள் ஏதோ மழைக்காலத்துக்குப் பின் மறைந்துபோன மேகங்களைப் போலத் தாமே விலகிவிட்டார்கள் என்ற பாவனையில் ஓரிரு அத்தியாயங்களோடு முடித்துக்கொண்டார்கள். உண்மையில் 1832-இல் சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக் இல்லினாயில் தம் ஜனங்களின் விளைநிலத்துக்குத் திரும்பி வந்ததற்காகப் படை கொண்டு துரத்தப்பட்டார். மறு ஆண்டு அவர் வாய்மொழியாகச் சொன்ன சுயசரிதை அச்சேறியிருந்தும், கவுண்டிச் சரித்திரக்காரர்களில் பலர் குடியேறியவர்களின் தரப்பையே சரித்திரமாக எழுதினார்கள். இந்தத் தோஷம் நமக்கும் வெகு எளிதில் வந்துவிடக் கூடியது. நம் ஊரில் ஒரு சரித்திரம் எழுதப்போகிறோம் என்றால், முதலில் வந்து நிற்பவர் நன்கொடை கொடுக்கத்தக்கவர். இரண்டாவதாக வந்து நிற்பது ஜாதிப் பெருமை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் நாங்களே, மற்றவர்கள் பிற்பாடு வந்தவர்கள் என்று ஒவ்வொரு தெருவும் சாதிக்கத் தொடங்கினால் சரித்திரம் கலகத்துக்கு விதையாகும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் எழுதாமல் இருப்பதனால் அந்தப் பெருமைப் பேச்சு நின்றுவிடவில்லை. ஆதாரம் கேட்பாரின்றிச் சுவரொட்டிகளிலும் கைப்பேசிகளிலும் பெருகிக்கொண்டிருக்கிறது. எல்லாத் தெருவாரும் ஒரே சபையில் அமர்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு, மாறுபட்ட கதைகளை மாறுபட்டவாறே குறித்துக்கொண்டு எழுதுகிற சரித்திரம் ஒன்றே அதற்கு மாற்று மருந்து.

ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன், கிராமம் கிராமமாக மானிய நிலங்களை விசாரித்துத் தயாரித்த பதிவேடுகளில், கோயில் மேளக்காரருக்கு எத்தனை குறுக்கம், சத்திரத்துக்கு எத்தனை, குளம் வெட்டியவருக்குத் தசபந்தமாக எத்தனை என்பதும், அதை எந்த நாயக்கர் அல்லது எந்தப் பாளையக்காரர் கொடுத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கும்; சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இத்தகைய பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. கோயிற் சுவர்களில் பாண்டியர் சாசனங்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றங்களில் நடந்த கண்மாய் வழக்குகளும் எல்லை வழக்குகளும் பழைய சாட்சியங்களைக் கொண்டவை. எனக்கு மிகுந்த கவலை தருவது கர்ணங்களின் வீட்டுக் கணக்குகள். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் கைப்பிடியிலிருந்து ஊர் நிலத்தின் கணக்கு விடுபட்டது சரியான காரியமே. ஆயினும், சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட்டவை போக, பரண்களில் தங்கிவிட்ட ஓலைகளும் பழங்காகிதங்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கறையானுக்கு இரையாகின்றன. அந்த வீடுகள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழும்பும்போது, குப்பையோடு குப்பையாக ஓர் ஊரின் இருநூறு ஆண்டுக் கணக்கு தெருவுக்குப் போகிறது. அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பது மனித ஞாபகம். கமலை கட்டி இறைத்த கை, மடையில் மூழ்கித் திறந்த கை, ஜமீன் ஒழிப்புக்கு முன்னால் வாரம் அளந்து கொடுத்ததைக் கண்ட கண் இன்னும் சிலருக்கே மிஞ்சியிருக்கின்றன. அவர்கள் எண்பதைக் கடந்தவர்கள்.

ஆகவே என்னுடைய கோரிக்கை இது. ஆகஸ்டு 15-ஆம் தேதி எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் விளக்குக்கும் தீர்மானம் போடும் அந்தச் சபையில், ஊரின் சரித்திரத்தை எழுதுவதென்றும், அடுத்த ஆண்டு அதே நாளில் அதை வாசித்து, ஊரார் திருத்தம் சொல்லி ஒப்புக்கொள்வதென்றும் ஒரு தீர்மானம் நிறைவேற்றப்பட வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள கல்லூரிகள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை ஊருக்கு இருவராக அனுப்பி, கண்மாய், மடை, குலதெய்வம், பிடிமண், சேரி, காலனி, மலைக்குடி என்று ஒன்று விடாமல் கேட்டெழுதச் செய்யலாம். எழுதியதன் ஒரு பிரதி ஊராட்சியிலும், ஒரு பிரதி தாலுகாக் காரியாலயத்திலும், ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு ஆகும் பணம் ஓர் ஊராட்சிக்குப் போதும். அரசாங்க உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உத்தரவு வரும் வரையில் உங்கள் வீட்டுப் பெரியவர் காத்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. இதைப் படிக்கும் வாசகர் ஒவ்வொருவரும் இந்த வாரத்திலேயே தம் குடும்பத்தின் மூத்தவரிடம் அமர்ந்து, நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கோயிலின் பிடிமண்ணைக் கொண்டுவந்தார்கள், வந்தபோது இங்கே யார் இருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வருகிற கிராம சபையில் கொண்டுபோய்க் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.